குடியிருக்க ஒரு வீடு

 



அல்லாஹ் மனிதனுக்கு வழங்கிய அருட்கொடைகளை எண்ணிக் காட்டும் இடங்களில் வீட்டையும் ஓர் அருட்கொடையாகக் கூறுகின்றான். அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80 ஆவது வசனத்தில், நம் வீடுகளை நமக்கு அமைதி தரும் இடங்களாக ஆக்கியிருப்பதை அவன் நினைவூட்டுகின்றான். அங்கே அவன் பயன்படுத்தும் சொல் 'ஸகன்' என்பதாகும். அலைந்து திரிந்தவன் வந்து அமர்ந்து நிம்மதி பெறும் இடம் என்பது அதன் கருத்து. குடியிருப்பைக் குறிக்கும் 'மஸ்கன்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்ததுதான். ஏழையைக் குறிக்கும் 'மிஸ்கீன்' என்ற சொல்லையும் அரபி மொழி வல்லுநர்கள் இதே வேரில்தான் சேர்க்கின்றனர். வறுமை அவனை அசையவிடாமல் முடக்கிப் போட்டுவிட்டது என்பதால் அவன் மிஸ்கீன். ஆனால் இன்று நம் நகரங்களில் மிஸ்கீனுக்கு மஸ்கன் கிடைப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாகிவிட்டது.

விசாலமான வீடு, நல்ல அண்டை வீட்டார், நல்ல வாகனம், ஸாலிஹான மனைவி ஆகியவற்றை மனிதனின் நற்பேறுகள் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எண்ணிக் கூறினார்கள். குறுகிய வீட்டையும் தீய அண்டை வீட்டாரையும் துர்ப்பேறுகளில் சேர்த்தார்கள். எனவே வீட்டைப் பற்றிப் பேசுவது மார்க்கத்திற்கு அப்பாற்பட்ட உலகப் பேச்சு என்று எவரும் கருதிவிட வேண்டாம்.

மதீனாவின் முதல் தேவை

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த முஹாஜிர்கள் வீடு வாசலை மக்காவில் விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களை எங்கே தங்க வைப்பது என்பதே அந்தச் சமுதாயத்தின் முன் நின்ற முதல் கேள்விகளுள் ஒன்று. அன்ஸாரிகள் அதற்கு என்ன செய்தார்கள்? யார் யாரைத் தம் வீட்டில் வைத்துக்கொள்வது என்று சீட்டுக் குலுக்கினார்கள். உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்கள் தங்கள் குடும்பத்தாரின் சீட்டில் வந்ததாக உம்முல் அலா (ரலி) என்ற அன்ஸாரிப் பெண்மணி அறிவிக்கும் செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. விருந்தாளியைத் தள்ளிவிடுவதற்காக அவர்கள் சீட்டுப் போடவில்லை. தமக்குக் கிடைக்க வேண்டும் என்று ஆளாளுக்குப் போட்டியிட்டதால் போட்டார்கள்!

பெருமானார் (ஸல்) அவர்களும் தமக்கென அறைகள் கட்டப்படும் வரை அபூ அய்யூப் அல் அன்ஸாரி (ரலி) அவர்களின் வீட்டில்தான் தங்கினார்கள். நபியவர்கள் கீழ்த்தளத்தில், வீட்டுக்காரர் மேல்தளத்தில். ஓர் இரவு மேலே தண்ணீர்ச் சாடி உடைந்துவிட்டது. கணவனும் மனைவியும் தங்களிடமிருந்த ஒரே போர்வையைக் கொண்டு அந்தத் தண்ணீரைத் துடைத்தெடுத்தார்கள். ஒரு சொட்டும் கீழே இருப்பவர்மீது விழுந்துவிடக் கூடாது என்ற பதற்றம். கீழ்வீட்டில் இருப்பவரைப் பற்றி மேல்வீட்டுக்காரர் கவலைப்பட்ட வரலாறு இது. இன்று மேலிருந்து ஒழுகும் குழாயைச் சரிசெய்து தரும்படி ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் வாடகைதாரர்கள் எத்தனை பேர்!

வீடோ குடும்பமோ இல்லாதவர்களுக்கு மஸ்ஜிதுன் நபவியிலேயே திண்ணை அமைத்துக் கொடுக்கப்பட்டது. அவர்களே திண்ணைத் தோழர்கள் எனப்படும் அஹ்லுஸ் ஸுஃப்பா. ஆக, இருப்பிடம் இல்லாதவருக்கு இருப்பிடம் தேடித் தருவது இஸ்லாமிய வரலாற்றில் மஸ்ஜிதின் பணியாகவே தொடங்கியது.

ஒரு கணக்கு

இனி நம் நிலைக்கு வருவோம். சென்னை போன்ற நகரத்தில் மாதம் 18,000 ரூபாய் சம்பாதிக்கும் ஒரு சகோதரர் 8,000 ரூபாய் வாடகையில் ஒரு படுக்கையறை வீட்டைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மாத அட்வான்ஸ் கேட்டால் 80,000 ரூபாய். தரகருக்கு ஒரு மாத வாடகை 8,000. முதல் மாத வாடகை 8,000. சாமான் ஏற்றி இறக்கும் கூலி தனி. ஏறக்குறைய ஒரு இலட்சம் ரூபாய் கையில் இல்லாமல் அவர் அந்த வாசற்படியை மிதிக்க முடியாது. ஐந்தரை மாதச் சம்பளத்தை அப்படியே எடுத்து வைத்தால்தான் அது சேரும்.

எங்கே போவார்? வட்டிக்காரரிடம் போவார். மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டி என்றால் 80,000 ரூபாய்க்கு மாதம் 4,000 ரூபாய். அதாவது, அவருடைய வாடகை 8,000 அன்று, 12,000. மிச்சமிருக்கும் 6,000 ரூபாயில்தான் அரிசியும் பாலும் பள்ளிக்கூடக் கட்டணமும் மருந்தும். அசலோ அப்படியே நிற்கும். வட்டி ஹராம் என்று மிம்பரில் நின்று நாம் முழங்குகிறோம். அந்த மனிதரை வட்டியின் வாசலுக்குத் தள்ளிய அட்வான்ஸைப் பற்றி நாம் பேசுவதில்லை. அதை வாங்கியவர் சில வேளை நம் முதல் ஸஃப்பிலேயே நிற்கிறார்.

இது தனி மனிதர் சிலரின் துயரம் அல்ல. இந்திய நகரங்களில் சுமார் 1.87 கோடி வீடுகள் பற்றாக்குறை என்று 2012 ஆம் ஆண்டில் மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு மதிப்பிட்டது. அதில் 95 விழுக்காட்டிற்கும் மேல் ஏழை, குறைந்த வருவாய்க் குடும்பங்களின் பற்றாக்குறையே. அதே காலத்தில், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஒரு பக்கம் வீடில்லாத மனிதர்கள். மறுபக்கம் மனிதர் இல்லாத வீடுகள்!

அரசும் சும்மா இருக்கவில்லை. தமிழ்நாட்டில் 1970 இல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம் 2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்ற பெயரில் இயங்குகிறது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் போன்ற இடங்களில் பல்லாயிரம் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. கூரை கிடைத்தது; ஆனால் வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் பல மைல் தொலைவில் நின்றுவிட்டன. ஏழைக்கு வேண்டியது நாலு சுவர் மட்டுமல்ல, பிழைப்புக்கு அருகில் நாலு சுவர். அதனால்தான் அவர் நெரிசலான தெருவில் சிறிய அறையையே வாடகைக்குத் தேடுகிறார்.

வாடகை ஓர் ஒப்பந்தம்

அன்பர்களே! வீட்டை வாடகைக்கு விடுவது ஷரீஅத்தில் 'இஜாரா' எனும் ஒப்பந்தம். விற்பதைப் போன்றே இதற்கும் சட்டதிட்டங்கள் உண்டு. வாடகை எவ்வளவு, காலம் எவ்வளவு என்பன இரு தரப்புக்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டைக் குடியிருக்கத் தகுந்த நிலையில் ஒப்படைப்பது உரிமையாளரின் பொறுப்பு. சுவர் இடிந்தால், கூரை ஒழுகினால், கழிவுநீர்ப் பாதை அடைபட்டால் அதைப் பழுது பார்ப்பது உரிமையாளர்மீது சாரும் என்றும், அவர் செய்யாவிட்டால் குடியிருப்பவர் ஒப்பந்தத்தை விட்டு வெளியேற உரிமையுண்டு என்றும் ஹனஃபி சட்ட நூல்கள் எழுதி வைத்துள்ளன. குடியிருப்பவரிடம் அந்த வீடு ஓர் அமானிதம். அவர் வரம்பு மீறியோ அலட்சியத்தாலோ சேதப்படுத்தினால் ஈடு செய்ய வேண்டும். சாதாரணமாகக் குடியிருந்ததால் ஏற்பட்ட தேய்மானத்திற்கு அவர் பொறுப்பாளி அல்லர்.

இதை வைத்து நம் நடைமுறையைச் சற்று உரசிப் பாருங்கள். வீட்டைக் காலி செய்யும்போது 'வெள்ளையடிக்க' என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்கிறோமே, அது முன்னரே பேசி எழுதப்பட்டதா? இல்லையென்றால் எந்த உரிமையில் பிடித்தோம்? தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்திற்கு ஒரு குறிப்பிட்ட அளவு மின்சாரம் இலவசம். அந்தச் சலுகையை வீட்டுக்காரர் தாம் வைத்துக்கொண்டு, குடியிருப்பவரிடம் யூனிட்டுக்கு இவ்வளவு என்று 'மின்வாரியக் கட்டணம்' என்ற பெயரில் கூடுதலாக வாங்கினால் அதற்கு என்ன பெயர்? ஒருவர் மற்றவருடைய பொருளைத் தவறான முறையில் உண்ணலாகாது என்று அந்நிஸா அத்தியாயத்தின் 29 ஆவது வசனத்தில் அல்லாஹ் தடுத்திருப்பது இத்தகைய சில்லறைக் காசுகளுக்கும் பொருந்தும்.

அட்வான்ஸ் யாருடைய பணம்?

அட்வான்ஸ் தொகை குடியிருப்பவருடைய பணம். உரிமையாளர் அதைத் தொடாமல் வைத்திருந்தால் அது அமானிதம். எடுத்துச் செலவழித்தால் அவர்மீது கடன். இரண்டில் எதுவானாலும் திருப்பித் தர வேண்டியதே. 'அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தருகிறேன்' என்று மாதக்கணக்கில் இழுத்தடிப்பவர், வசதியுள்ளவர் கடனை இழுத்தடிப்பது அநீதி என்ற நபிமொழியின் எச்சரிக்கைக்குள் தாம் நிற்பதை உணர வேண்டும்.

நாட்டுச் சட்டமும் இதில் தெளிவாக உள்ளது. தமிழ்நாட்டில் 2017 இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வாடகை ஒப்பந்தம் எழுத்து மூலம் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யப்பட வேண்டும். இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்திற்குள், உரிய பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். தகராறு வந்தது என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிக்கக் கூடாது. கொடுத்த வாடகைக்கு ரசீது பெறும் உரிமையும் உண்டு. கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆவது வசனம் மிக விரிவாகக் கற்றுத் தருகிறது. ஆயினும், எழுதிக்கொள்ள வெட்கப்பட்டு, 'நமக்குள் என்ன' என்று வாய்ப்பேச்சில் விட்டுவிட்டுப் பிறகு காவல் நிலையத்தில் போய் நிற்பவர்களாக நாம் இருக்கிறோம்.

ஒத்தி வீடு

பலரும் கேட்கும் ஒரு மஸ்அலாவை இங்கே சொல்லியாக வேண்டும். ஐந்து இலட்சமோ எட்டு இலட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் இரண்டு மூன்று ஆண்டுகள் குடியிருந்து, காலி செய்யும்போது முழுத் தொகையையும் திரும்பப் பெறும் முறையை ஒத்தி என்றும், போக்கியம் என்றும், 'லீசு' என்றும் அழைக்கிறோம். வாடகை மிச்சம் என்று மகிழ்கிறோம். ஆனால் கொடுத்த தொகை முழுவதும் திரும்பி வருவதால் அது கடன். அந்தக் கடனுக்காகக் கிடைத்தது இலவசக் குடியிருப்பு எனும் பயன். கடன் கொடுத்தவர் நிபந்தனையாகப் பெறும் பயன் வட்டி என்பதே சட்ட அறிஞர்களின் பொது விதி. வட்டி பரவியுள்ள ஊரில், உனக்குக் கடன்பட்டவன் ஒரு சுமை வைக்கோலை அன்பளிப்பாகத் தந்தாலும் வாங்காதே என்று அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ஒரு சுமை வைக்கோலுக்கே இந்தப் பேணுதல் என்றால், மூன்றாண்டு குடியிருப்புக்கு என்ன சொல்வது? அட்வான்ஸை அதிகமாகக் கொடுத்து, அதற்காகவே வாடகையைக் குறைத்துக்கொள்வதிலும் இதே சிக்கல் இருக்கிறது.

இதற்கு ஆகுமான மாற்று வழி உண்டு. கையில் தொகை இருப்பவர் அதை முன்கூட்டிய வாடகையாகவே கொடுக்கலாம். மாத வாடகை இவ்வளவு என்று நிர்ணயித்து, மாதாமாதம் அதிலிருந்து கழித்துக்கொண்டே வர வேண்டும். மொத்தமாக முன்னரே தருவதால் வாடகையைக் குறைத்துப் பேசிக்கொள்ளலாம். அது வாடகையே தவிரக் கடன் அல்ல. இடையில் காலி செய்தால் கழியாத மாதங்களின் தொகை திரும்ப வரும். உரிமையாளருக்குத் தொகை, குடியிருப்பவருக்கு வீடு, இருவருக்கும் ஹலால்.

"உங்களுக்கு வீடில்லை"

நம் பெயரைக் கேட்டதும் 'வீடு போய்விட்டது' என்று சொல்லும் அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அது அநீதிதான், அந்த வலி உண்மையானதுதான். ஆனால் நாம் வீட்டுக்காரராக இருக்கும்போது யாரைத் திருப்பி அனுப்புகிறோம்? பிள்ளைகள் அதிகம் என்றால் இல்லை. ஆட்டோ ஓட்டுகிறார் என்றால் இல்லை. வெளிமாநிலத் தொழிலாளி என்றால் இல்லை. கணவனை இழந்தவரா, 'ஆண் துணை இல்லையே' என்று தயங்குகிறோம். தலாக்கானவரா, 'நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்' என்று கதவைச் சாத்துகிறோம்.

ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்கள் தம் வீடுகளை வக்ஃபு செய்தபோது வைத்த நிபந்தனையை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். தம் பெண்மக்களில் மணவாழ்வு முறிந்து திரும்பி வருபவர் அந்த வீட்டில் தங்கிக்கொள்ளலாம். அவர் எவருக்கும் தீங்கு தரக் கூடாது, அவருக்கும் எவரும் தீங்கு தரக் கூடாது. மறுமணம் செய்து தேவையற்றவராகிவிட்டால் அதில் அவருக்கு உரிமையில்லை. இது பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட குடியிருப்புத் திட்டம்! கணவன் வீட்டிலிருந்து திரும்பி வரும் பெண் எங்கே போவாள் என்று அந்த ஸஹாபி முன்கூட்டியே சிந்தித்தார். நம் தெருக்களில் அந்தப் பெண் அண்ணன் வீட்டு வராந்தாவில் பாய் விரித்துக் கிடக்கிறாள்.

குடியிருப்போரின் கடமை

உரிமையாளரை மட்டும் குறை கூறுவது நீதியாகாது. வாடகை பாக்கி வைத்துவிட்டுப் புதிய கைப்பேசி வாங்குவதும், அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுவதும், காலி செய்வதாக ஒப்புக்கொண்ட தேதியில் காலி செய்யாமல் வழக்குக்குப் போவதும் அமானித மோசடியே. வாடகை வருவாயைக் கொண்டே காலம் தள்ளும் வயோதிகர்களும் விதவைகளும் வீட்டுக்காரர்களில் இருக்கிறார்கள். அதிலும் வக்ஃபு வீடுகளில் பல்லாண்டுகளுக்கு முன் நிர்ணயித்த சொற்ப வாடகையைக் கொடுத்துக்கொண்டு, தாம் சொந்த வீடு கட்டிப் போன பின்னும் சாவியைக் கொடுக்காமல், பிறருக்கு அதிக வாடகைக்கு விட்டுச் சாப்பிடுபவர்கள் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளட்டும். அவர்கள் பிடித்து வைத்திருப்பது ஓர் ஏழையின் வீடு.

பள்ளிவாசல் கட்டுவதற்கான இடம் இரண்டு அநாதைகளுக்குச் சொந்தமாக இருந்தது. அவர்கள் இலவசமாகவே தர முன்வந்தும், நபி (ஸல்) அவர்கள் விலை கொடுத்தே வாங்கினார்கள். இறையில்லத்திற்கே பிறர் இடம் இலவசமாகக் கூடாது என்றால், நம் வசதிக்கு எப்படிக் கூடும்?

மஹல்லா என்ன செய்யலாம்?

பெரிய திட்டங்கள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஜமாஅத்தும் இந்த மாதமே தொடங்கக்கூடிய நான்கு காரியங்களைக் கூறுகிறேன்.

முதலாவது, பள்ளிவாசல் அலுவலகத்தில் ஒரு பதிவேடு. மஹல்லாவில் காலியாகும் வீடு, அதன் வாடகை, அட்வான்ஸ் ஆகியவற்றை உரிமையாளர் எழுதி வைக்கட்டும். வீடு தேடுபவரும் எழுதி வைக்கட்டும். ஒரு மாத வாடகைத் தரகு மிச்சமாகும். தரகுத் தொழில் ஆகுமானதே. ஆனால் ஏழைக்கு அந்த 8,000 ரூபாய் பெரும் தொகை.

இரண்டாவது, அட்வான்ஸுக்கென ஓர் அழகிய கடன் நிதி. நூறு குடும்பங்கள் ஆளுக்கு 5,000 ரூபாய் கடனாகக் கொடுத்தால் ஐந்து இலட்சம் சேரும். உரிமையாளர்கள் மூன்று மாத அட்வான்ஸோடு நிறுத்திக்கொண்டால், 8,000 ரூபாய் வாடகை வீட்டுக்கு 24,000 ரூபாய். இருபது குடும்பங்களுக்கு அந்த நிதி போதும். அட்வான்ஸ் திரும்பி வரக்கூடிய பணம் என்பதால், உரிய எழுத்தும் சாட்சியும் வைத்துக்கொண்டால் பைத்துல்மாலின் தொகை கரைந்துவிடாது. இருபது குடும்பங்கள் வட்டியின் வாசலிலிருந்து திரும்பும்.

மூன்றாவது, ஸகாத். தன் வருவாயில் வாடகை கொடுக்க இயலாத ஏழையும் ஸகாத் பெறத் தகுதியானவரே. ஆனால் ஒரு மஸ்அலாவைக் கவனியுங்கள்: வாடகை பாக்கியைத் தள்ளுபடி செய்துவிட்டு அதை ஸகாத்தாகக் கணக்கு எழுத முடியாது. ஸகாத் தொகையை அவர் கையில் கொடுத்து அவருக்கு உடைமையாக்க வேண்டும். எந்த நிபந்தனையும் விதிக்கக் கூடாது. பிறகு அவர் தம் விருப்பப்படி பாக்கியை அடைத்தால் அது ஆகும். தள்ளுபடி செய்வது வேறொரு நன்மை. கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கவும், தர்மமாகவே விட்டுவிடுவது மேலும் சிறந்தது என்றும் அல்பகரா 280 ஆவது வசனம் போதிக்கிறது.

நான்காவது, வக்ஃபு. பல பள்ளிவாசல்களுக்குக் கட்டடங்களும் கடைகளும் உள்ளன. புதிதாகக் கட்டும்போது ஒரு தளத்தையேனும் விதவையர், ஏழைக் குடும்பங்களின் குறைந்த வாடகைக் குடியிருப்புக்கென, வக்ஃபு செய்தவரின் நிபந்தனைக்கும் சட்டத்திற்கும் உட்பட்டு ஒதுக்க முடியுமா என்று நிர்வாகிகள் ஆராயட்டும். வசதி படைத்தவர்கள் ஸுபைர் (ரலி) அவர்களைப் போன்று ஒரு வீட்டை, முடியாவிட்டால் ஓர் அறையைக் குடியிருப்புக்கென வக்ஃபு செய்யட்டும். இறந்த பின்னும் நன்மை எழுதப்படும் நிலையான தர்மத்திற்கு இதைவிட அழகிய உதாரணம் உண்டா? ஒரு குழந்தை அந்தக் கூரையின் கீழ் உட்கார்ந்து குர்ஆன் ஓதும் ஒவ்வொரு எழுத்திலும் உங்களுக்கும் பங்குண்டு என்று ஆதரவு வையுங்கள்.

வாசகப் பெருமக்களே! இந்த இதழை மூடி வைத்த பின், வீடு வைத்திருப்பவர் தம் வாடகைக் கணக்கை எடுத்துப் பார்க்கட்டும். திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸ் இருந்தால் தந்துவிடட்டும். அடுத்த முறை வீடு கேட்டு வரும் விதவையிடம் 'இல்லை' என்று சொல்லுமுன் ஒரு கணம் நிற்கட்டும். குடியிருப்பவர் தம் பாக்கியைத் தீர்க்கட்டும். நாம் அனைவருமே இந்த உலகில் குறுகிய காலக் குடியிருப்பாளர்கள்தாம். காலி செய்யச் சொல்லும் உத்தரவு எந்த நேரமும் வரலாம். அப்போது அவகாசம் கேட்க முடியாது.

யா அல்லாஹ்! வீடற்றோருக்கு நல்ல இல்லங்களை வழங்குவாயாக! வீடுள்ளோரின் உள்ளங்களை விசாலமாக்குவாயாக! எங்கள் கொடுக்கல் வாங்கலை வட்டியின் அழுக்கிலிருந்து தூய்மைப்படுத்துவாயாக! எங்களின் கப்ரை விசாலமான இல்லமாகவும், சுவனத்தை நிரந்தரக் குடியிருப்பாகவும் ஆக்கியருள்வாயாக!

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.